வறட்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை

பாமசிக் கவுண்டர் மேசைக்குப் பின்னால் புதிதாக நிற்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைமாரே, மருந்துகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. எந்தக் குளிசை எத்தனை மில்லிகிராம், எதோடு எது சேராது என்பதெல்லாம் உங்கள் கைபேசியில் இருக்கிறது. என் தலையில் இருந்ததைவிடத் திருத்தமாகவே இருக்கிறது. கைபேசியில் இல்லாதது ஒன்றுதான்: முன்னால் ஓர் ஆள் வந்து நின்று, நாம் எதிர்பாராத ஒன்றைக் கேட்டதும் வருகிற பயம். அதில் என்னைவிட அனுபவசாலி கல்முனைக் கடைத்தெருவில் கிடையாது.

போன வருடம் முழங்கால் இரண்டும் ஒன்றுசேர்ந்து ஒத்துழையாமை செய்ததால் கடையை விட்டேன். அதுவரைக்கும் ஊருக்கு நான் வேடிக்கை பேசுகிற பகிடிக்காரன். பாதிப்பேர் என் பகிடியைக் கேட்க வந்து மருந்து வாங்கினார்கள். மீதிப்பேர் மருந்துக்காக என் பகிடியைப் பொறுத்துக்கொண்டார்கள். நான் பகிடி விடுவது பயத்தில் என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். நல்ல காலம், அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. இப்போது நானே சொல்கிறேன்.

எங்கள் தெருவில் லுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் சத்தம் அடங்கும். துணிக்கடைக்காரர் வாசலுக்குக் குறுக்கே ஒரு தடியை வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். இரும்புக்கடை பாதி மூடும். பாமசியை மூட முடியாது என்பதால் நான் நின்றுகொள்வேன். கூட்டுத் தொழுகையான ஜமாஅத் முடிந்து பக்கத்துக் கடைக்காரர் வந்த பிறகு போய்த் தொழுவேன். தெருவில் ஆண்கள் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சில பெண்கள் வருவார்கள். பிள்ளையின் காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் எந்த நேரமும் வரலாம். பாங்குக்குப் பிறகு ஒரு பெண் படியேறுகிறார் என்றால் விடயம் வேறு. படியில் செருப்புச் சத்தம் கேட்டதுமே எனக்கு வியர்க்கத் தொடங்கிவிடும்.

அப்படி வந்தவர்தான் ஜெமீலா ராத்தா. ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. பெயர் உண்மைப் பெயர் அல்ல. ஐம்பதைத் தாண்டியவர். பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தவர். சந்தையில் மீன்காரனையே வாயடைக்க வைப்பவர். அன்று அவர் கவுண்டர் கண்ணாடியில் இருந்த ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, கழுவுறதுக்கு நல்லதா ஒண்டு இரிக்கா?"

"கை கழுவவா ராத்தா?"

"கைக்கெண்டா வீட்டில சவுக்காரம் இரிக்கிதானே."

அவர் கீறலைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது நன்றாகத்தான் சுற்றியது. அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"கொஞ்சம் எரிவு," என்றார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எவ்வளவு காலமாக, எப்போது, ஏன் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் படித்தேன். சோதனையில் நல்ல புள்ளியும் எடுத்தேன். ஆனால் அந்த நேரம் என் மூளையில் இருந்தது ஒரே எண்ணம்தான்: பள்ளி முடிந்து யாராவது வருவதற்குள் இந்தக் கதை முடியவேண்டும். கைக்கு எட்டிய தட்டில் ரோசாப்பூப் படம் போட்ட போத்தல் ஒன்று இருந்தது, பெண்கள் கழுவுவதற்கென்று விற்கும் வாசனைத் திரவம். எடுத்து நீட்டினேன்.

"இது நல்ல வாசம் ராத்தா."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"உங்கட விருப்பம்."

மருந்துக் கடையில் நின்று "உங்கட விருப்பம்" என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் போனதும் ஒரு பெரிய சிக்கலை நாகரிகமாகச் சமாளித்துவிட்டதாக எனக்கு நானே ஒரு சோடா உடைத்துக் குடித்தேன்.

ஆனாலும் மனம் உறுத்தியது. மாலையில் வீட்டுக்குப் போனதும் பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். யோனி வறட்சி என்று ஒரு பாடமே இருந்தது. நான் கோடெல்லாம் போட்டுப் படித்திருந்தேன். மனைவி பயற்றம் பருப்பைச் சுளகில் புடைத்துக்கொண்டிருந்தார். யாருக்கு, எவருக்கு என்று சொல்லாமல், பொதுவான அறிவுத் தாகம் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"மாதவிடாய் நிண்ட பிறகு பொம்புளையளுக்கு அந்த இடத்தில காய்ஞ்சு எரியுமாமே. உமக்கும் அப்பிடி இருந்ததா?"

சுளகு நின்றது.

"இவ்வளவு காலம் பாமசி நடத்துறீங்க. இண்டைக்குத்தானா கேக்கத் தோணிச்சு?"

"இருந்ததா இல்லையா?"

"இருந்தது. டொக்டரம்மாக்கிட்டப் போய்க் காட்டி மருந்தெடுத்தன். பக்கத்து ஊர்ப் பாமசியில."

"ஏன் பக்கத்து ஊர்ல?"

"உங்கட கடையில வந்து கேட்டா நீங்க பகிடி விடுவீங்க."

சுளகு மறுபடியும் புடைக்கத் தொடங்கியது. நான் புத்தகத்தை மூடினேன். என் கடையின் சிறப்பைப் பற்றி அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

சில நாட்கள் கழித்து, மறுபடியும் லுஹர் பாங்குக்குப் பிறகு, ஜெமீலா ராத்தா வந்தார். இந்த முறை கீறலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ரோசாப்பூப் போத்தலைக் கவுண்டரில் வைத்தார். அது கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது.

"இத நீங்களே வெச்சிக்கொள்ளுங்க."

"எரிவு கூடிட்டா ராத்தா?"

"கூடினதா? தொழுகைக்கு நிண்டா காந்துது தம்பி. இருக்க ஏலா, நடக்க ஏலா. எரியிற இடம் சுத்தமில்லையோ, வுளூ கூடாதோ எண்டு பயந்து ஒவ்வொரு வக்துக்கும் இத ஊத்தி ஊத்திக் கழுவினன்."

நோய்க்குக் காரணம் வறட்சி. நான் கொடுத்ததோ இருக்கிற ஈரத்தையும் உரித்தெடுக்கும் வாசனைச் சவுக்காரத் திரவம். அதையும் தொழுகைக்குத் தொழுகை, கழுவிச் சுத்தமாகிற வுளூவோடு சேர்த்து, இறைவனுக்குப் பயந்து, ஒரு வேளை தவறாமல் பாவித்திருக்கிறார். என் வாடிக்கையாளர்களில் யாரும் எந்த மருந்தையும் இவ்வளவு ஒழுங்காகப் பாவித்ததில்லை.

ஒரு பகிடி தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன். பிறகு அன்று கேட்டிருக்கவேண்டியதை, பால்மா டின்னில் சிரிக்கிற குழந்தையைப் பார்த்தபடியாவது, ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாதவிடாய் நின்று நாளாகிவிட்டது. அதற்குப் பிறகு இரத்தம் காணவில்லை. வெள்ளைபடுதலோ கெட்ட மணமோ இல்லை. தும்மலுக்கு என் கடையில் வாங்கும் குளிசையைத் தினமும் குடிக்கிறார். அந்தக் குளிசை மூக்கை மட்டுமல்ல, உடம்பில் ஈரமாக இருக்கும் மற்ற இடங்களையும் காயவைக்கக் கூடியது. அதையும் விற்றவன் நான்தான்.

"வேற ஏதும் கரைச்சல் இரிக்கா ராத்தா?" என்று கேட்டேன். கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன். வாழ்க்கையில் நான் அப்படி நிறுத்திய அபூர்வமான இடங்களில் ஒன்று.

அவர் குரல் இறங்கியது. "அவர் பக்கத்தில வந்தா நான் விலகிப் படுக்கன். உசிர் போற நோவு. சொல்ல வெக்கம். இந்த வயசில இதென்ன கதை எண்டு நினைப்பாரே. இப்ப வெள்ளாமை வெட்டி முடிஞ்சும் வயல் வட்டையில, காவல் வாடிக்குடிசைக்குள்ளயே கிடக்கார். காவலாம். வெறும் வயலுக்கு என்ன காவல்? சனம் கேக்கத் தொடங்கிட்டு. அவர் போயிட்டா நான் என்ன செய்யிற தம்பி?"

கண்ணீர் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது. இது பயப்படவேண்டிய நோயில்லை ராத்தா, வயதோடு வருவது, மருந்து இருக்கிறது என்று ஒருவாறு விளங்கப்படுத்தி, ஜெல் ஒன்றை எடுக்கத் திரும்பினேன். படியில் செருப்புச் சத்தம். ஆணின் செருப்பு. பாங்குக்குப் பிறகு, பள்ளிக்குப் போகாமல் ஓர் ஆண்.

வந்தவர் ஜெமீலா ராத்தாவின் கணவர், ஹாஜியார்.

ராத்தா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு பால்போத்தல் தட்டுப் பக்கம் திரும்பி நின்றார். மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர் அவர். ஹாஜியார் ஒழுக்கமான மனிதர். கடையில் யாரோ ஒரு பெண் நிற்பதைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்தி, அவருக்கு முதுகைக் காட்டி, என் பக்கமாக நெருங்கினார். அந்த ஒழுக்கத்தால்தான் சொந்த மனைவியை அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, ஒரு விசயம். உங்கட பகிடி ஒண்டும் வாணாம்."

"அஸருக்குப் பிறகு, பின்னேரம் வாங்களன் ஹாஜியார்."

"அஸருக்குப் பிறகு சனம் வரும்." குரலை இன்னும் தாழ்த்தினார். வயலில் மாடு விரட்டிப் பழகிய தொண்டை. தாழ்த்தினாலும் தெரு முனைக்குக் கேட்கும். "அந்த நீலக் குளிசை ஒண்டு தாங்க."

எனக்கு மூன்று பயம் ஒரே நேரத்தில் வந்தது. முதலாவது, அவர் நெஞ்சு வருத்தக்காரர். நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையை என்னிடம்தான் வாங்குகிறார். அதோடு இந்த நீலம் சேர்ந்தால் பிறஷர் விழுந்து ஆளே முடிந்துவிடலாம். இரண்டாவது, அவருடைய மனைவி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். மூன்றாவது, ராத்தா சொன்ன கதை என் வாய்க்குள் இருக்கிறது. நான் வாய் திறந்தால் எது வெளியே வரும் என்று எனக்கே உறுதியில்லை.

"அது உங்களுக்கு ஏலா. நெஞ்சுக் குளிசையோட சேராது."

"சேராட்டிப் போகட்டும். அவவுக்கு என்னைக் கண்ணில காட்டப்படாது தம்பி. நான் கிழவனாப் போயிட்டன். பக்கத்தில போனா..."

மேலே சொல்லவிடக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. கையில் அகப்பட்டது வெப்பமானி. ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

"காய்ச்சல் மாதிரி இரிக்கி ஹாஜியார். வாயைத் திறங்க."

"எனக்குக் காய்ச்சலில்ல."

"அத இது சொல்லட்டும்."

வாயில் வைத்துவிட்டேன். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டேன். அவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"வாற வெள்ளிக்கிழமை பையத் தூக்கிட்டு நிந்தவூருக்குத் தங்கச்சிட வீட்ட போறன். வேண்டாத இடத்தில என்னத்துக்குக் கிடக்கிற?"

இதன் பாரம் வெளியூரில் இருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு விளங்காது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, அவருடைய சீதனம். மாப்பிள்ளைதான் ஒரு பையோடு வந்து சேர்கிறவர். அந்தப் பை திரும்ப வாசலைத் தாண்டிப் போனால், மணமுறிவு விசாரிக்கும் காதி நீதிமன்றத்துக்குப் போகாமலே ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். தட்டுப் பக்கம் ஒரு பால்போத்தல் பெட்டி கீழே விழுந்தது. ஹாஜியார் ஒழுக்கமாக அதையும் பார்க்கவில்லை.

மறுபடியும் வெப்பமானியை அவர் வாயில் வைத்தேன். என்ன சொல்வது? உங்கள் மனைவி என்னிடம் சொன்னார் என்று சொல்ல முடியாது, அது அவருடைய கதை. இப்போது போங்கள், பிறகு பார்ப்போம் என்றால் பை போய்விடும். கேட்டதைக் கொடுத்தால் ஆளே போய்விடுவார். என்னிடம் சொந்தமாக இருந்தது என் முட்டாள்தனம் மட்டும்தான். அதை எடுத்து வைத்தேன்.

"ஹாஜியார், ஒண்டு கேக்கன். அவ ஏன் விலகிப் படுக்கா எண்டு அவவுக்கிட்டக் கேட்டீங்களா?"

தலையை ஆட்டினார். இல்லை.

"நானும் எங்கட வீட்டில கேக்கல்ல. படிச்சவன், பாமசிக்காரன், ஊருக்கெல்லாம் மருந்து சொல்றவன். என்ட வீட்டில என்ன நோவு எண்டு போன கிழமைதான் கேட்டன். அவ எனக்குத் தெரியாம மருந்தும் எடுத்து, சுகமும் வந்து முடிஞ்சு. நான் நினைச்சிக்கிட்டிருந்தன் எல்லாம் எனக்குத் தெரியுமெண்டு."

ஹாஜியார் புருவத்தைச் சுருக்கினார். அவர் ஏதோ கேட்கப் போய், வெப்பமானியை எடுக்கக் கையை உயர்த்தினார்.

"தம்பி."

தட்டுப் பக்கத்தில் இருந்து குரல் வந்தது. ஹாஜியாரின் கை அப்படியே நின்றது. அவர் திரும்பவில்லை. திரும்பத் தேவையிருக்கவில்லை.

"எனக்குச் சொன்னதெல்லாம் அவருக்கும் சொல்லுங்க," என்றார் ஜெமீலா ராத்தா. முக்காட்டை முகத்தில் இருந்து எடுத்துவிட்டார். "எனக்குச் சொல்லத் தெரியல்ல. நீங்க சொல்லுங்க. நான் இதில நிக்கன்."

அந்த நேரம் கடலுக்குள் ஓடிவிடலாமா என்று யோசித்தேன். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஹாஜியாரைத் தாண்டிப் போகவேண்டும். பால்மாக் குழந்தையை ஒரு முறை பார்த்தேன். அது சிரித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஹாஜியாரின் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினேன்.

"மாதவிடாய் நிண்டா உடம்பில ஒரு சுரப்புக் குறையும் ஹாஜியார். அதால அந்த இடத்துத் தோல் மெலிஞ்சு, ஈரமில்லாம காய்ஞ்சு போகும். எரியும், சிறுநீர் போனாலும் காந்தும். ஒண்டாயிருந்தா வெட்டின மாதிரி நோகும். இதுக்கு யோனி வறட்சி எண்டு பேர். பொம்புளையளுக்குள்ள கனபேருக்கு வாறதுதான். விருப்பமில்லாமப் போனதால வாற ஒண்டில்ல. அழுக்குமில்ல. நீங்க கிழவனாப் போனதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

இருமினேன். அவர் இமைக்கவில்லை.

"இனி அந்த இடத்துக்கு வெறும் தண்ணி போதும். சவுக்காரம், வாசத் தண்ணி, டெற்றோல் ஒண்டும் வாணாம். தும்மல் குளிசையை மாத்தலாம், டொக்டர்ர கேப்பம். ஈரம் தாற ஜெல் ஒண்டு இரிக்கி, கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் பாவிக்கிற. ஒண்டாயிருக்கேக்க பாவிக்கத் தண்ணியில கரையிற ஜெல் வேற. அதுக்கும் அவசரப்படப்படாது ஹாஜியார், ஆறுதலா. நோகுதெண்டா நிப்பாட்ட வேணும். இதுக்கும் கேக்காட்டி டொக்டரம்மாக்கிட்டப் போனா அந்த இடத்தில மட்டும் போடுற சுரப்பு மருந்துக்குத் துண்டு எழுதுவா. மார்பில கட்டி கிட்டி வந்திருந்தா அவவுக்கு அத முதல்ல சொல்ல வேணும். எப்பவாவது இரத்தம் கண்டா ஒரு நாளும் பிந்தப்படாது. நோன்பு காலத்தில எல்லாத்தையும் இரவைக்குப் பாவியுங்க. மிச்சத்த மௌலவிக்கிட்டக் கேளுங்க, நான் பாமசிக்காரன்."

என் வாழ்நாளில் நான் கொடுத்த ஆலோசனைகளில் ஒரு சொல்கூடக் குறுக்கே வராமல் கேட்கப்பட்டது அது ஒன்றுதான். கேட்டவர் வாயில் வெப்பமானி இருந்ததால்தான் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பெருமைதான்.

ஹாஜியார் அதை மெதுவாக வாயில் இருந்து எடுத்தார். என்னைக் கேட்கவில்லை. திரும்பி ராத்தாவைப் பார்த்தார்.

"நோகுமா?"

"ஓம்."

"எவ்வளவு காலமா?"

"சின்னவள்ட கலியாணத்துக்கு முந்தி."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருக்கலாமே."

"அப்ப நான் இவ்வளவு நாளும் வாடிக்குள்ள போய்க் கிடந்தது?"

"கடிக்கிற நுளம்புக்கு நல்ல சாப்பாடு," என்றார் ராத்தா.

சிரித்தது அவர்கள் இருவரும்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொருவருடைய பகிடிக்குச் சிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஜெல்லைக் கொடுத்தேன், எப்படிப் பாவிப்பது என்று இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன், டொக்டரம்மா வருகிற நாளையும் சொன்னேன். பள்ளி முடிந்து ஆட்கள் வரத் தொடங்கும்போது அவர்கள் படியிறங்கினார்கள். ராத்தா முன்னால் போனார். ஹாஜியார் வழக்கத்துக்கு மாறாகப் பின்னால் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் கடை வாசலில்தான் என் கண். நிந்தவூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் பையோடு ஏறுகிற ஒவ்வொரு வெள்ளைத் தொப்பியும் என் நெஞ்சில் ஏறி இறங்கியது. ஒருவருக்குத் தவறான மருந்தையே கொடுத்துவிட்டேன், அவரே பார்த்துத் திருப்பித் தந்தார். ஹாஜியாரைக் காணவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. இந்தத் தொழிலில் மிகவும் கடினமான பகுதி இதுதான் பிள்ளைகளே. கதையைத் தருவார்கள், முடிவைத் தரமாட்டார்கள். நாம் போய்க் கேட்கவும் கூடாது.

பல கிழமை கழித்து ஒரு மாலை, கடை நிறைய ஆட்கள். ஹாஜியார் வந்து வரிசையில் நின்றார். அவருடைய முறை வந்ததும் அரிசி மூடை விலை சொல்லுகிற சாதாரணக் குரலில் சொன்னார்.

"தம்பி, அந்த ஜெல் முடிஞ்சு."

என் முகத்தில் சூடு ஏறியது. கவுண்டருக்கு மேலாகக் குனிந்து, வாயைக் கையால் மறைத்து, "நாளைக்கு லுஹருக்குப் பிறகு வாறீங்களா?" என்று கிசுகிசுத்தேன். அதுவரைக்கும் வரிசையில் நின்றவர்கள் தங்கள் தங்கள் கதையில் இருந்தார்கள். நான் கிசுகிசுத்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள்.

"ஏன் தம்பி களவெடுத்த மாதிரிக் கதைக்கிறீங்க?" என்றார் ஹாஜியார். "மருந்துதானே. கெதியாத் தாங்க, வீட்டில ஓட்டோவுக்குள்ள நிக்கா. ரெண்டாத் தரச் சொன்னவ."

வெளியே பார்த்தேன். ஓட்டோவில் ஜெமீலா ராத்தா முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். எனக்குச் சரியாக விளங்கட்டும் என்று இரண்டு விரலைக் காட்டினார். நான் பதற்றத்தில் மூன்றை எடுத்துப் பைக்குள் போட்டேன். ஹாஜியார் பையைத் திறந்து பார்த்தார். மூன்றுக்கும் காசை எண்ணி வைத்துவிட்டு, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.